கொட்டகை எரிந்த நேரம்

"பாத்தேன்னு ஒரு வார்த்தெ சொல்லிப்போடு சின்னராசு. மத்ததெ வக்கீல் பாத்துக்குவாரு."

புதுச்சத்திரத்துப் புளியமரத்தடியில் நாமக்கல் பஸ்ஸுக்காகக் காத்து நின்ற ராசப்பன் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

"பாக்காததெப் பாத்தேன்னு எப்புடிங்கண்ணா சொல்றது?" என்றான் சின்னராஜ்.

"நீ பாக்கலீன்னா என்ன? தீ வெச்சது செங்கோட்டையன்தான்னு ஊருக்கே தெரியும்."

"அவரு வெக்கலீங்க."

ராசப்பனுக்குக் கோபம் பொங்கியது. அவர் சபைக்கு மூப்பர். ஊர் ஊராக நடந்து மூங்கிலும் பனையோலையும் கேட்டு வாங்கி வந்தவர். பதினாறு குடும்பங்கள் கூடி எழுப்பிய ஜெபக் கொட்டகை போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது கிளம்பும் நேரத்தில் எரிந்து சாம்பலாகிவிட்டது.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் பண்ணாடி செங்கோட்டையன் சந்தையில் பத்துப்பேர் கேட்கக் கத்தியிருந்தார். "ஞாயித்துக்கெழமெயானா எந்தோட்டத்துல ஆளில்லெ. இந்தக் கொட்டாயெக் கொளுத்துனாத்தான் சரிப்படும்!"

போலீஸ் அவரைப் பிடிக்க அந்தப் பேச்சே போதுமானதாக இருந்தது. அந்த நேரத்தில் தோட்டத்தில் இருந்ததாக அவர் சொன்னார். அதற்குச் சாட்சி யார் என்று கேட்டபோது மட்டும் வாயைத் திறக்கவில்லை. கொட்டகையைக் கூட்டிப் பெருக்குகிறவன் என்பதால் சின்னராஜின் பெயரைப் போலீஸ் தரப்புச் சாட்சியாகச் சேர்க்கச் சொன்னவர் ராசப்பன்தான்.

"அவரு பண்ணையத்துல வேலெ செய்யறே. பயந்துட்டே. கொட்டாய் எரிஞ்சப்போ அணைக்கக்கூட நீ வரலெ."

"பயந்தவன்னா ஞாயித்துக்கெழமெ கோயிலுக்கு வருவனுங்களா? வாரத்துல ஆறு நாளு நா அவருக்கு ஆளு. ஏழு நாளும் ஆண்டவருக்கு ஆளுங்கண்ணா. சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல என்னால ஆகாது."

கட்டுச்சோற்று மூட்டையோடு நின்ற அவன் மனைவி சாலம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, அந்த மனுசன் செயிலுக்குப் போனா நம்ம சனத்துக்கே மூச்சு உடலாம். நீங்க போயி அவரெக் காப்பாத்தோணுமா? அதும் நீங்களா?"

"நா யாரெயும் காப்பாத்தப் போகலெ, சாலா. நடந்ததெச் சொல்லப் போறேன். அவ்வளவுதான்."

"அவரு அங்க இல்லீன்னு உனக்கு எப்புடித் தெரியும்?" ராசப்பன் குறுக்கே புகுந்தார்.

"கேக்கற எடத்துல சொல்றனுங்க."

"சொல்லு, சொல்லு. அப்பறம் சபையில ஒருத்தரும் உன்ரெ மொகத்துல முழிக்க மாட்டாங்க. யாரோட நின்னு பாடுவே?"

"ஒண்டியா நின்னு பாடறனுங்க."

அவன் குரலில் வீம்பு இல்லை, நடுக்கமும் இல்லை. ராசப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புழுதியைக் கிளப்பிக்கொண்டு பஸ் வந்தது. மூவரும் ஏறினார்கள்.

கோர்ட்டில் கூட்டம் நெரிந்தது. கூண்டில் நின்றிருந்த செங்கோட்டையன், சின்னராஜ் சாட்சி சொல்ல ஏறியதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்துச் சின்னராஜ் சத்தியம் செய்தான்.

"அன்று காலையில் செங்கோட்டையனைப் பார்த்தாயா?" என்று சர்க்கார் வக்கீல் கேட்டார்.

"பாத்தனுங்க."

ராசப்பனின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டினார்.

"எங்கே? கொட்டகைப் பக்கத்திலா?"

"இல்லீங்க. அவரு தோட்டத்துக் கெணத்து மேட்டுல. அங்கிருந்து அரை மைலுங்க கொட்டாய். பொகெ கெளம்பறதுக்கு முந்தியே அவரு அங்கதான் இருந்தாரு. கூரெ உழுந்தப்பவும் அங்கதான் இருந்தாரு."

கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது. "துரோகி!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். டவாலிச் சேவகன் அதட்டி அடக்கினான். எதிர்த்தரப்பு வக்கீல் தன் அதிர்ஷ்டத்தை நம்ப முடியாமல் சிரித்தார். செங்கோட்டையன் மட்டும் நிமிரவில்லை. கூண்டுக் கட்டையை இறுகப் பிடித்திருந்தார்.

"இது பண்ணாடி சொல்லிக்கொடுத்த பாடமா?" என்று சர்க்கார் வக்கீல் சீறினார்.

"இல்லீங்க. கோர்ட்டு வாசல்ல வெச்சுத்தான் இன்னிக்கு அவரெப் பாத்தேன். நாங்க பேசிக்கலீங்க."

எழுதிக்கொண்டிருந்த மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தா, இப்படிப் பார். நீ அவரிடம் வேலை செய்கிறவன். நீ சொல்வதை நான் எப்படி நம்புவது? அவ்வளவு நேரம் அவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் அங்கேயே நின்றேன் என்கிறாய். அப்படி அவர் என்னதான் செய்துகொண்டிருந்தார்?"

சின்னராஜ் கூட்டத்தில் சாலம்மாளைத் தேடிப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னான்:

"'இன்னிக்குத் தண்ணி எறைக்க மாட்டனுங்க, கோயிலுக்குப் போவோணும்'னு சொன்னதுக்கு, என்னெக் கெணத்து மேட்டு வேப்பமரத்துல கட்டி வெச்சுச் சாட்டையில அடிச்சுக்கிட்டிருந்தாருங்க, சாமி."