பல்லி சொன்ன பலன்

வைஃபை பெட்டி ஒன்று இணையம் வராமல் சிவப்பு விளக்கோடு சுவரில் தொங்கியது. அதன் முதுகுச் சூட்டில் குடியிருந்த பல்லியிடம் அது கெஞ்சியது.

“அக்கா, வீட்டுக்காரர் அணைச்சு அணைச்சுப் போட்டுப் பார்த்துட்டார். இன்னைக்கு என்னைக் கழற்றிடுவாராம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பார்.”

பல்லிக்கும் அந்த வெதுவெதுப்பு வேறெங்கும் கிடைக்காது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “ச்சு, ச்சு, ச்சு” என்றது.

ஸ்க்ரூடிரைவரோடு ஸ்டூலில் ஏறிய மாசிலாமணி அப்படியே நின்றுவிட்டார்.

“வடிவு, பல்லி சொல்லுது. கழற்ற வேண்டாங்குதோ?”

“எந்தத் திசையில சொல்லிச்சு? அதைப் பொறுத்துதாங்க பலன்” என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

“வடக்கு. வடக்குக்கு என்ன பலன்?”

“போன்ல தேடிப் பாருங்க.”

பல்லி பெருமையோடு வாலை ஆட்டியது. மாசிலாமணி போனை எடுத்துத் தேடினார். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

“அக்கா” என்றது பெட்டி மெதுவாக, “நீங்க பேசாம டியூப்லைட்டுக்கே குடி போயிடுங்க.”