முகம் பார்த்துப் பேசலாம்

கண்ணாடி அறையின் கதவை அவர் முழங்கையால் தள்ளித் திறந்தபோது, உள்ளே யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

கக்கத்தில் லேப்டாப், கையில் காபி, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். போனில் முதலாளி.

கம்பெனியின் மனிதவள அதிகாரி அவர். பாதி நாள் ஆபீஸ், பாதி நாள் வீடு என்று ஆனதிலிருந்து, ஆளுக்கொரு மூலையில் கிடப்பவர்களை எல்லாம் ஒரே குடும்பமாகக் கட்டிக் காப்பதுதான் அவருக்கு வேலை. இங்கே சார், மேடம் கிடையாது, எல்லாரும் அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சிதான் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. புதிதாக வருகிறவர்கள் முதலில் நெளிவார்கள். பிறகு வாய் பழகிவிடும்.

அந்தக் குடும்பத்திலிருந்துதான் ஒரே மாதத்தில் மூன்று பேர் கம்பி நீட்டியிருந்தார்கள். அடுத்து ராஜினாமா அனுப்பியிருந்தது பூனை.

பூனை என்பது செல்லப் பெயர். வெளியூரிலிருந்தே வேலை பார்க்கிற பெண். சேர்ந்த நாளிலிருந்து ஆபீஸ் பக்கம் வந்ததில்லை. மீட்டிங்கில் கேமராவைப் போட மாட்டாள். முகம் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு பூனைக்குட்டியின் படம் இருக்கும். யாரையும் கேமரா போடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பதும் அவர் கொண்டுவந்த வழக்கம்தான். வேலையில் அவள் சூரப்புலி. அவள் போனால் அந்த டீமே படுத்துவிடும்.

போவதற்குக் காரணமாக ஒரே வரிதான் எழுதியிருந்தாள். இங்கே எனக்கு யாருமே இல்லாத மாதிரி இருக்கிறது.

அசட்டுப் பெண் என்று சிரித்துக்கொண்டார். நான் இருக்கிறேன், வா, பேசலாம் என்று உடனே பதில் போட்டு, இன்று காலைக்கு அழைப்பும் அனுப்பியிருந்தார்.

அதற்காகப் பிடித்துவைத்த அறையில்தான் இந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை, கழுத்தில் பார்வையாளர் அட்டை. அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து நின்றாள்.

இன்டர்வியூவுக்கு வந்தவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவர்கள்தான் எதிரே வருகிற எல்லாரையும் பார்த்து இப்படிச் சிரிப்பார்கள்.

"அவ எங்க போயிடுவா சார்?" என்றார் போனில். சார் கிடையாது என்கிற வழக்கம் முதலாளிக்குப் பொருந்தாது. "கூடப் பிறந்த தங்கச்சி மாதிரி. அவங்கப்பா ஆஸ்பத்திரில கிடந்தப்போ தினமும் நான்தான் தைரியம் சொன்னேன். அவளப் பத்தி எனக்குத் தெரியாதா?"

சொல்லிக்கொண்டே, பேச வாயெடுத்த அந்தப் பெண்ணுக்குப் புறங்கையால் வாசலைக் காட்டினார். காயப்போட்ட தானியத்தில் வாய் வைக்க வந்த கோழியை விரட்டுகிற மாதிரி இருந்தது அது.

அவள் நகரவில்லை. காபியை மேஜையில் வைத்துவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"மேடம், கொஞ்சம் வெளிய உட்காருங்க. ரொம்ப வேண்டியவங்ககூட பேசணும்."

சிரிப்பு அவள் முகத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

முதலாளியிடம் விடைபெற்று, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டினார். திரையில் பூனைக்குட்டி வந்துவிட்டிருந்தது.

"சொல்லும்மா, அப்பா எப்படி இருக்கார்?"

கூடவே, குடும்பம், பாசம் என்று ஒரு பாட்டம் பேசி முடித்தார். அதற்கும் பதில் இல்லை. பிடிகொடுக்க மாட்டேன் என்கிறாளே என்று நினைத்தார். இதுவரை யாரிடமும் கேட்காததைக் கேட்டார்.

"இன்னைக்கு ஒரு நாள் கேமராவப் போடேன். அண்ணன்தானே கேக்கறேன். முகம் பார்த்துப் பேசலாம்."

பூனைக்குட்டி மறைந்தது.

திரையில் அந்தத் துணிப்பைக்காரி இருந்தாள். கழுத்தில் அதே அட்டை. அவளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒருவரின் உச்சந்தலையில் வழுக்கை பளபளத்தது.

அவர் கை தானாக உச்சந்தலைக்குப் போயிற்று. ஒரு கணம் தாமதித்துத் திரையிலும் ஒரு கை மேலே போயிற்று.

வா என்று எழுதியது அவர்தான். அழைப்பில் இந்த அறையின் எண்ணைப் போட்டதும் அவர்தான். எல்லா அழைப்பிலும் போடுவது. அதைப் பார்த்து ஒருத்தி கிளம்பி வருவாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது. தங்கச்சி, தங்கச்சி என்று முதலாளியிடம் அளந்ததை எல்லாம் அவள் எதிரிலேயே நின்று கேட்டிருக்கிறாள். அவர் கை அவளை விரட்டிக்கொண்டிருந்தபோதே கேட்டிருக்கிறாள்.

"அப்பா நல்லா இருக்கார் சார்," என்றாள்.

அவள் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாளும் சார் என்றதில்லை.

"வேலைய விட்டுப் போகலன்னு உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு ஆசையா இருந்துச்சு. அதான் பஸ் ஏறி வந்தேன். உங்களயும் ஒரு தடவ பார்த்துடலாம்னு." பார்வையாளர் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினாள். "பார்த்துட்டேன்."

திரும்பினால் போதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

திரையில் அந்த வழுக்கைத் தலை மெல்லக் குனிந்தது. திரும்பவே இல்லை.