எல்லைப் பலகையின் காவல்

நான் மாநகர எல்லைப் பலகை. இருப்பது இரண்டு இரும்புக் கால்தான், ஆனால் ஊரையே பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. எதிரே இருந்த ஏரியில் ஒரு கொக்கு கூடு கட்ட மரம் தேடியது.

"தைரியமா கட்டு தங்கச்சி. என்னைத் தாண்டி ஒரு செங்கல் வராது" என்றேன்.

செங்கல் வரவில்லைதான். மண் லாரி வந்தது. கூடும் முட்டைகளும் மரத்தோடு போயின. ஏரி மேடாகி, மேட்டில் மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கற்கள் முளைத்தன. என்னைப் பிடுங்கிக் கொண்டுபோய் அடுத்த ஏரிக்கரையில் நட்டார்கள். பதவி உயர்வு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அங்கேயும் அதே கொக்கு.

"கவலைப்படாதே, நான் வந்துட்டேன்" என்றேன்.

அது என்னை ஏற இறங்கப் பார்த்தது. "அண்ணே, உங்க முகத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"வேறென்ன, 'நில்'னுதான் இருக்கும்."

"'மாநகரம் உங்களை அன்புடன் வரவேற்கிறது'ன்னு இருக்கு. அதை ஏரியைப் பார்த்துக் காட்டிக்கிட்டு நிக்கறீங்க."

என் முகத்தை நான் எங்கே பார்த்தேன்! நட்ட நாளிலிருந்து எல்லோரையும் முறைத்துக்கொண்டிருப்பதாகவே நினைத்திருந்தேன்.

அதற்குள் மண் லாரி வந்துவிட்டது. பின்னாலேயே கடப்பாரையோடு என்னைப் பிடுங்க ஆட்களும் வந்தார்கள். கொக்கு சிறகை விரித்தது.

"அண்ணே, அடுத்து எந்த ஏரிக்குக் காவலுக்குப் போறீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. அங்க நான் முட்டை வைக்காம இருந்துக்கறேன்."