சிரிப்பு போதவில்லை

செண்பகவல்லியின் மாவு மில் ஷட்டர், அன்றைய விளம்பர வீடியோ தேறினால்தான் திறக்கும். ஊரில் எல்லாக் கடைக்கும் அதே சட்டம்தான். "வணக்கம் மக்களே!" என்று கேமராவைப் பார்த்து ஒன்பதாவது தடவையாகச் சிரித்தாள்.

"சிரிப்பு போதவில்லை," என்றது ஷட்டர்.

"சீக்கிரம் சிரிங்கக்கா, ஊறின அரிசி புளிச்சிரும்!" என்றாள் வரிசையில் நின்றவள்.

"ஏ தகரமே, மாவு அரைக்கிறவளுக்குப் பல்லைக் காட்டுறதாடா வேலை?" என்று செருப்பைக் கழற்றி ஷட்டர்மேல் வீசினாள் செண்பகவல்லி. அந்த வீடியோ உடனே தேறியது. மறுநாள் முதல் அவளிடம் திட்டு வாங்கவே பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் அரிசியோடு வந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பூரித்துப்போய் வந்தவள், அன்றைய வீடியோவில் மக்களுக்கு அந்தச் சேதியைச் சொன்னாள்.

"கோபம் போதவில்லை," என்றது ஷட்டர்.

செண்பகவல்லி ஷட்டரை ஒரு பார்வைதான் பார்த்தாள். வீடியோ தேறியது.