ஹிலரி பேசாத மூன்றாம் நாள்

கால்வாயின் கடைசி மடைக்கதவை முதுகு கொடுத்துத் தள்ளிச் சாத்தும்போதே நார்மன் முடிவு செய்துவிட்டார். இப்போதே மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். வார்விக் ஊர் வர இன்னும் அரை மணி நேரம்தான்.

ஹிலரி அவரோடு பேசி மூன்று நாளாகிறது. அவர்கள் குடியிருக்கும் படகின் ஃப்ரிட்ஜ் கதவில் காலையில் சீட்டு ஒட்டியிருந்தாள்: 'வார்விக்கில் இறங்கிக்கொள்கிறேன். ரயிலில் அக்கா வீட்டுக்கு.' பெட்டியும் கட்டியாயிற்று.

தப்பு அவருடையதுதான். பாலத்தில் படகு லேசாக உரசியதற்கு, தூண்டில் போட்டுக்கொண்டிருந்த நாலு பேர் காதில் விழ, "படகு ஓட்டறியா, சுவத்துக்கு வெள்ளையடிக்கிறியா?" என்று கத்தினால் எந்த மனைவிதான் பேசுவாள்?

நவம்பர் மூடுபனியில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

படகை ஒரு படி கீழே இறக்க ஒவ்வொரு மடையிலும் ஒரு தொட்டித் தண்ணீர் போகும்; இரண்டு படகுகள் ஜோடி சேர்ந்து இறங்கினால் மிச்சம். அது கால்வாய் மரியாதை. அதனால் தன்னந்தனியாக வந்த ஒரு தாடிக்காரரின் படகும் காலையிலிருந்து கூடவே இறங்கியது. ஹிலரி சுக்கான் பிடிக்க, இருபத்தோரு மடைக்கும் கதவு தள்ளியது நார்மன்தான். இடுப்பு விட்டுப்போயிற்று.

கரையோரம் ஒதுங்கி நின்ற பச்சைப் படகின் முன்பக்கம் ஏறி உள்ளே நுழைந்தார். அடுப்புச் சூட்டில் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

படகு நகர்ந்தது. நீளமான அறையின் அந்தக் கோடியில், பின்படியில் நின்று சுக்கான் பிடிக்கும் கால்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. முகம் கூரைக்கு மேலே. அதுவும் நல்லதுதான். முகத்தைப் பார்த்தால் அவருக்கு வாயே வராது.

"இங்க பாரு ஹிலரி, அன்னிக்கு நான் பேசுனது அயோக்கியத்தனம். உன் அளவுக்கு எனக்கு ஓட்ட வராது, அந்தப் பொறாமை. இன்னொண்ணையும் சொல்லிடறேன். போன கிறிஸ்துமஸுக்கு உங்கக்கா வரேன்னப்ப, கால்வாய் உறைஞ்சுபோச்சு, வராதீங்கன்னு போன்ல புளுகுனது நான்தான். போகாதேடி. நீ இல்லாம எனக்கு எதுக்கு இந்தப் படகு?"

மெதுவாக முழங்கால் மடங்கியது. முதலில் தாடி இறங்கி வந்தது.

"ரொம்ப உருக்கமா இருந்துச்சு தலைவரே. உங்களுக்கு நன்றி சொல்லத்தான் கரையில ஒதுங்கினேன். ரெண்டு படகும் பச்சை, பனியில மாறி ஏறிட்டீங்க போல; கூட வரீங்கன்னு நினைச்சுக் கிளப்பிட்டேன். அதுக்குள்ள பேச ஆரம்பிச்சிட்டீங்க, நடுவுல குறுக்கிடறது மரியாதையில்லைன்னு விட்டுட்டேன். வீட்டம்மா பின்னாடிதான் வராங்க. இருங்க, நானே சொல்லிடறேன்."

"ஐயோ, வேண்டாம்" என்பதற்குள் தாடிக்காரர் நிமிர்ந்துவிட்டார். இரண்டு எஞ்சின் சத்தத்தையும் மீறி, பனிக்குள் எங்கோ வரும் படகைப் பார்த்து, பொறாமையில் ஆரம்பித்து அக்கா வரைக்கும் ஒன்று விடாமல் கத்தினார். 'போகாதேடி'யைக்கூட விடவில்லை. கரையில் ஒரு நாய் பயந்து குரைத்தது.

நார்மனுக்குத் தண்ணீரில் குதித்துவிடலாம் போலிருந்தது. கால்வாயோ இடுப்பளவுதான்.



பனிக்குள்ளிருந்து ஹிலரியின் குரல் வந்தது.

"உறைஞ்சுபோச்சுன்னா சொன்னாரு? அட கடவுளே! நான் படகே மூழ்கிடுச்சுன்னுல்ல அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன்!"

வார்விக் படகுத்துறை வந்தது. நார்மன் பின்படியில் ஏறி, தாடிக்காரரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பின்னால் ஹிலரி ஓட்டி வந்த படகு துறையில் ஒதுங்க வேகத்தைக் குறைக்கவே இல்லை.