வாயக் காட்டுங்கண்ணே

இன்னைக்கும் வீடியோல கூரைதான் தெரியுது.

தகரக் கூரை. அதுல ஒரு பல்லி. லூர்துநாதன் அண்ணன் கீழ எங்கயோ இருக்காரு, மடக் மடக்குன்னு தண்ணி குடிக்கிற சத்தம் மட்டும் வருது.

அரே பாபா, இத பாத்து நான் எப்படி 'முழுங்கிட்டார்'னு டிக் போடுறது?

டிபி மாத்திரை. தினமும் முழுங்குறத வீடியோ எடுத்து அவரு ஆப்ல அனுப்பணும், பெரார்கஞ்ச் ஹெல்த் சென்டர்ல உக்காந்து நான் பாக்கணும். அவ்ளோதான் வேலை. இந்த ஆப் வேணும்னு எல்லார்கிட்டயும் கெஞ்சுனதே நான்தான். அவரு இருக்குறது பாராடாங் தீவுல. காட்டு ரோட்டுல போலீஸ் கூட்டிட்டுப் போற கான்வாய்க்கு காத்துக் கெடந்து, ஃபெர்ரி ஏறி, ஒரு ஆளு மாத்திரை முழுங்குறத பாக்க தினமும் யாரு போவா?

ஆனா ஆப் செஞ்சவனுக்கு லூர்துநாதன் அண்ணன தெரியாதே.

ஒரு நாள் வெறும் தாடை. ஒரு நாள் நண்டுக் கூடை. ஒரு நாள் எல்லாம் சூப்பரா வந்துச்சு, சரியா முழுங்குற நேரத்துல போன் கிடுகிடுன்னு ஆடி ஒண்ணும் தெரியல.

அதோட அந்த இருமல்.

எந்த வீடியோவ தொறந்தாலும் லொக்கு லொக்கு. மாசக்கணக்கா மருந்து போகுது, சளி டெஸ்ட் க்ளீனா வருது, இருமல் மட்டும் நிக்கல. டாக்டர் கடுப்பாயிட்டாரு. "ஆளு மாத்திரைய துப்புறான் போல. நாளைக்கு ஒழுங்கா வீடியோ வரலன்னா போர்ட் பிளேர்ல அட்மிட் பண்ணிடுங்க."

அட்மிட்னா படகு கரையில கெடக்கும். படகு கெடந்தா அந்த வீட்டுல அடுப்பு எரியாது.

போன் போட்டேன்.

"அண்ணே, வாயத் தவிர எல்லாத்தையும் அனுப்புறீங்க! வாயக் காட்டுங்கண்ணே!"

"நல்ல வாயா இருந்தா காட்ட மாட்டேனா சிஸ்டர்? பூரா வெத்தலக் கறை."

"பரவால்ல, நான் என்ன பொண்ணு பாக்கவா வர்றேன்? இருமல் நின்னுச்சா?"

"அது எப்பவோ நின்னுச்சு சிஸ்டர். தவாய் மாத்திரையெல்லாம் கரெக்டா சாப்பிடுறேன், பக்கா."

பச்சப் பொய். நான் தினமும் காதால கேக்குறேன்.

மறுநாள் வந்துச்சு புது வீடியோ. வட்டம் சுத்துச்சு, சுத்துச்சு, சுத்திக்கிட்டே இருந்துச்சு. இந்த நெட்டுக்கு ஒரு கும்பிடு.

ஓடுச்சு.

ஹப்பா! முகம். முழு முகம். இடது கையில மாத்திரை, வலது கையில கிளாஸ். கறப்பல்லு தெரிய வாயத் தொறந்து மாத்திரைய உள்ள போடுறாரு. தண்ணிய ஊத்துறாரு. கன்னம் ரெண்டும் பந்து மாதிரி உப்பி நிக்குது.

லொக்கு லொக்கு. போன் ஆடுது.

போச்சு. எல்லாம் போச்சுன்னு தலைய புடிச்சுக்கிட்டேன்.

இரு.

நிறுத்தினேன். பின்னாடி தள்ளிப் பாத்தேன்.

லொக்கு. ஆட்டம். அவரு கன்னம் அப்படியே உப்பித்தான் இருக்கு. ஒரு சொட்டு சிந்தல. ரெண்டு கையும் என் கண்ணு முன்னாடியே இருக்கு.

மேல ஓட விட்டேன். முழுங்குனாரு. நாக்கத் தூக்கிக் காட்டி சிரிச்சாரு.

போனுக்குப் பின்னாடி இருந்து அவரு பொண்டாட்டி கேத்தரின் அக்கா குரல், கரகரன்னு:

"இன்னைக்காச்சும் ஒழுங்கா புடிச்சேனா சிஸ்டர்?"