முதுகுல கண்ணு

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

இன்னொரு முறை முயன்றாள். தொண்டைக்குள் ஏதோ கிழிந்த மாதிரி எரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

ஐயோ, இப்பவா போகணும்.

ஃபுட்பால் செமி ஃபைனல். கடைசி நிமிடம். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று இவர்கள் முன்னால் இருந்தார்கள். எதிர் டீமுக்குக் கார்னர் கிடைத்திருந்தது. சிவப்பு ஜெர்ஸிக்காரி ஒருத்தி பந்தை மூலையில் வைத்து, அந்த இடம் பிடிக்காமல், எடுத்து மறுபடி வைத்தாள்.

கோல் போஸ்டில் அவள். எதிரே நான்கு முதுகுகள்.

ஒன்றும் திரும்பாது. அதுதான் பயமே.

போன வருஷமும் இதே நான்கு பேர்தான். ஆனால் எந்நேரமும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கிற நேரத்தில் பந்து உள்ளே போயிருக்கும். ஒரே ஆட்டத்தில் ஏழு கோல். வியாசர்பாடியே சிரித்தது. மீன் வாங்கப் போனால் மீன்காரம்மாகூட, "ஏழு வாங்கினது பத்தலியா, இங்க வேற வந்துட்டியா?" என்று கேட்டாள்.

அப்புறம்தான் கோச் ஒரு சட்டம் போட்டார். எவளாவது திரும்பிப் பார்த்தால் கிரவுண்டை பத்து சுற்று ஓட வேண்டும்.

"பின்னாடி நடக்கிறத கீப்பர் பாத்துப்பா. அவ வாய்தான் உங்களுக்கு முதுகுல கண்ணு."

அன்றிலிருந்து அவள் கத்தினாள்.

ரோஸ்லின், லெஃப்ட்ல ஆளு. புனிதா, ஏறு. ஏய், விடு, விடு. என்னுது!

கத்தக் கத்த அந்த நான்கு முதுகுகளும் ஒரு சுவராக நின்றன. இந்த வருஷம் ஆறு ஆட்டம் ஆடியாயிற்று. ஒரு கோல்கூட விழவில்லை.

வீட்டில் அந்த வாய்க்குத் திட்டுதான் கிடைக்கும். வாயை மூடு, தெருவுக்கே கேக்குது என்பார்கள். இங்கே அந்த வாயை நம்பி ஒரு டீம் நின்றது.

திங்கட்கிழமை டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பத்து நாள் பேசவே கூடாது என்றார்.

பேசினால்?

"மொத்தமா போயிடும்மா."

இன்று புதன்கிழமை.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெஞ்சில் இருக்கும் கௌசல்யா கிளவுஸை மாட்டியிருப்பாள். கௌசல்யா நல்ல கீப்பர். ஆனால் ஊமைக்கோட்டான் மாதிரி நிற்பாள். கை இருக்கு, வாய் இல்ல என்று கோச்சே சொல்லியிருக்கிறார்.

இப்போது இவளுக்கும் இல்லை.

இடைவேளை வரை சத்தத்தைச் சேமித்துச் சேமித்துச் செலவழித்தாள். அதற்குப் பிறகு கரகரவென்று ஏதோ வந்தது. இப்போது அதுவும் நின்றுவிட்டது.

கிளவுஸ் கைகளைத் தட்டினாள். பொத் பொத் என்றது. கூட்டம் அடித்த மேளச் சத்தத்தில் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

கையை ஆட்டலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? இந்த நான்கு பேரும் சட்டத்தை மீற மாட்டார்கள். அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பந்து எழும்பியது.

வளைந்து உள்ளே வந்தது. அவளுக்கும் ரோஸ்லினுக்கும் நடுவே இறங்கப் போகிற பந்து. வழக்கமாக இந்த இடத்தில் "என்னுது" என்று கத்துவாள். ரோஸ்லின் குனிந்துகொள்வாள். இவள் எகிறிப் பிடிப்பாள்.

கத்தாவிட்டால் ரோஸ்லினும் எகிறுவாள். போன வருஷம் அப்படித்தான் ரோஸ்லினின் மண்டை இவள் வாயில் மோதியது. பந்து தானாக உருண்டு உள்ளே போனது. முன்பல்லில் உடைந்த முனை இன்னும் நாக்கில் தட்டுப்படும்.

ரோஸ்லினின் முழங்கால்கள் மடிந்தன. எகிறப் போகிறாள்.

நின்றுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

ஓடினாள். வாயை அகலத் திறந்துகொண்டு, ஒரு சொட்டுச் சத்தமில்லாமல், எகிறினாள்.

ரோஸ்லின் குனிந்தாள்.

பந்து கைக்குள் வந்து அடங்கியது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்ணில் விழுந்தாள். எவளோ ஒருத்தி மேலே தடுக்கி உருண்டாள். பிடியை விடவில்லை.

ஆட்டம் முடிந்த விசில் கேட்டது.

எல்லோரும் ஓடி வந்து அவள்மேல் விழுந்தார்கள். ரோஸ்லின் அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள்.

"அடிப்பாவி, கடைசியில என்னா கத்து கத்தின! காதே அடைச்சிப்போச்சுடி."

அவள் ரோஸ்லின் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் செய்கிற முகமில்லை. சுண்டுவிரலைக் காதில் விட்டு நிஜமாகவே குடைந்துகொண்டிருந்தாள்.

புனிதாவும், "ஆமா, எனக்கே கேட்டுச்சு" என்றாள்.

அப்போதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். இன்னும் நான்கு நாள். அதற்குள் தொண்டை திரும்பாது.

சொல்லிவிடலாமா? சைகையிலாவது?

சொல்லிவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து ரோஸ்லினுக்கு அது கேட்காது.

"ஞாயித்துக்கெயமயும் இதே மாதிரி கத்தணும், இன்னா?" என்றாள் ரோஸ்லின்.

அவள் பலமாகத் தலையாட்டினாள்.

பெஞ்சிலிருந்து கௌசல்யா பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு போய்ச் சேரும்வரை கிளவுஸைக் கழற்றவே இல்லை.